நாம்பன் சோடிக்கு ஒரு வருடப் பழக்கத் திட்டம் போடுவது எப்படி

மாட்டுப்பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி, பொங்கல் ஊட்டி முடித்ததும் நான் ஒரு கொப்பியோடு கொட்டில் வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அந்த வருடம் நாம்பன்கள் (இளம் காளைகள்) எதைப் பழக வேண்டும் என்று எழுதுகிற நாள் அது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இப்போது மாட்டு வண்டில் கட்டுகிறவர்கள் குறைவு. வீட்டில் இரண்டு நாம்பன்களை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுக்கயிற்றில் நடப்பது, மூக்கணாங்கயிறு போடுவது எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

வருடத் திட்டம் என்ற யோசனையை வெளிநாட்டில் குட்டைக் குதிரைகளை வண்டிக்குப் பழக்குகிறவர்களிடம் கற்றேன். அமெரிக்கச் சங்கத்தின் அளவுப்படி 34 அங்குலத்தைத் தாண்டாத குதிரைகள் அவை. முதலில் நீளக் கயிறு பிடித்துப் பின்னால் நடப்பார்கள். அப்புறம் பாரம் இழுக்கவைப்பார்கள். வண்டி கடைசியில்தான். ஒவ்வொரு படிக்கும் குதிரை என்ன செய்தால் தேறியது என்று எழுதி வைக்கிறார்கள். நம் மாட்டுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

1. இன்றைய கணக்கு

முதலில் பல்லைப் பாருங்கள். பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் போட்ட நாம்பனுக்கு நடையும் நுகமும் மட்டும் போதும். முழுப் பாரம் எட்டுப் பல் முளைத்த பிறகு. எலும்பு முற்றாத மாட்டில் பாரம் ஏற்றினால் கால் மூட்டுத்தான் முதலில் போகும்.

அடுத்தது நிறை. தையல்காரர் நாடா ஒன்று வாங்குங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ நிறை வரும். என் வலத்தை நாம்பனுக்கு (நுகத்தில் வலப்பக்கம் நிற்பவன்) சுற்றளவு 56, நீளம் 48. அப்படியென்றால் 228 கிலோ. மாதம் ஒருமுறை அளக்கிறேன். நிறை இறங்கினால் அந்த மாதம் புதிதாக எதையும் பழக்குவதில்லை.

2. வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய இலக்கு

"நன்றாகப் பழக்க வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. என் இந்த வருட இலக்கு இது: வெறும் வண்டிலில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து கொக்கட்டிச்சோலைக் கோயில் வீதி வரை 6 கிலோமீற்றர், வழியில் பஸ் கடந்தாலும் சோடி ஓடாமல் போய்ச் சேர வேண்டும். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல் தின்று போர்த்துக்கேயரை விரட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நந்திக்கு முன்னால் என் சோடி அமைதியாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பஸ் கடந்தாலும் ஓடக்கூடாது என்பதை எழுதியது முக்கியம். தூரத்தை மட்டும் எழுதியிருந்தால், பயந்து ஓடியே 6 கிலோமீற்றரை முடித்தாலும் தேறியதாகிவிடும்.

3. கிழமைகளை எண்ணுங்கள்

வருடத்தில் 52 கிழமை. மாரி மழையில் வட்டை (வயல்வெளி) முழுக்கத் தண்ணீர், ஒழுங்கை முழுக்கச் சேறு. அதற்கு 12 கிழமையைக் கழியுங்கள். விதைப்பு, வேளாண்மை வெட்டு, திருவிழா, கலியாணம் என்று ஒரு 6. தடுப்பூசி, காய்ச்சல், குளம்புப் புண்ணுக்கு ஒரு 4. மீதி 30. கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் மொத்தம் 60 மணி நேரம்தான் கையில் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு இலக்குகள் தானாகக் குறையும்.

மாசி, பங்குனியில் வெட்டு முடிந்த வயல்தான் நமக்கு ஆகச் சிறந்த பள்ளிக்கூடம். நிலம் மெத்தென்று இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் இருக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் அவிழ்த்துவிடுங்கள். நாக்கு வெளியே வந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

4. சத்தம்

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் முதல் கொப்பியில் "மாசி: நுகம். பங்குனி: வண்டில்" என்று இரண்டே வரி. நுகத்தில் அழகாக நடந்தார்கள், எனவே பங்குனி முதல் கிழமையே வண்டிலில் பூட்டினேன். கிறவல் ரோட்டில் சில்லு ஏறி, இரும்புப் பட்டை கல்லில் நெரிந்து கறகறவென்ற சத்தம். வலத்தையன் ஒரு துள்ளுத் துள்ளி இடத்தையனையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினான். ஏர்க்கால் பிளந்தது. மாடுகளுக்குச் சிராய்ப்புத்தான். ஆனால் அதன் பிறகு நுகத்தை எடுத்தாலே வலத்தையன் உடம்பு நடுங்கினான். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. அந்த நடுக்கம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாடு தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 330 பாகை பார்க்கும். பார்க்க முடியாத சின்னத் துண்டு நேர் பின்னால்தான். வண்டில் சத்தம் வருவது சரியாக அங்கிருந்து. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "பயத்த வெளிய எடுக்காம பாரத்த ஏத்தாத மனே."

அதனால் இப்போது சத்தத்துக்கென்றே எட்டுக் கிழமை எழுதுகிறேன். முதலில் ஒருவர் மாட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி, பழைய மோட்டார் சைக்கிள் டயரை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மாடு காதைத் திருப்பிக் கேட்கும். காது தளர்ந்து, அசைபோடத் தொடங்கினால் அடுத்த நாள் டயர் இரண்டு அடி பின்னால் போகலாம். பின்பு நேர் பின்னால், அப்போதும் மனிதர் கையில்தான். கடைசியில்தான் நுகத்தில் கட்டுவது. புல்லில் தேறிய பிறகு கிறவல், கிறவலில் தேறிய பிறகு டயருக்குள் இரண்டு தகரப் பேணி. தேறியது என்றால், மூன்று நாள் தொடர்ந்து, சத்தம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் நடை மாறாமல் இருப்பது. ஒரு நாள் துள்ளினாலும் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. மூக்குக்கு நூல் கயிறு, இழுவைக்குத் தும்புக் கயிறு. நைலோன் வேண்டவே வேண்டாம், ஒரு இழுப்பில் மூக்கை அறுத்துவிடும். ஆணி வைத்த கம்பும் வேண்டாம். குத்துக்குப் பயந்து நடக்கிற மாடு, சத்தத்துக்குப் பயந்து ஓடவும் செய்யும்.

5. பாரம்

ஒரு மாடு தொடர்ந்து இழுக்கும் விசை அதன் நிறையில் பத்தில் ஒன்று என்பது பொதுக் கணக்கு. என் சோடிக்கு ஏறக்குறைய 45 கிலோ. இதை அளக்க மீன்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசு போதும். இழுவைக் கயிற்றுக்கும் டயருக்கும் நடுவில் கொளுவிவிட்டு, பக்கத்தில் ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். 10 கிலோவில் தொடங்குங்கள். டயருக்குள் மணல் பையைப் போட்டு, இரண்டு கிழமைக்கு 5 கிலோ கூட்டினால் போதும். இந்த வயதில் நான் 25க்கு மேல் போவதில்லை.

6. கொப்பி

போனில் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. கை முழுக்கச் சேறு. கொட்டில் கப்பில் தொங்கும் கொப்பியும் பென்சிலும்தான் நல்லது. நாள், நிமிடம், எந்தப் படி, காது எப்படி இருந்தது. நான்கு விசயம் போதும். மாதக் கடைசியில் வாசித்து, தேறாத படியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். இலக்கு பின்னுக்குப் போனால் போகட்டும், படியைத் தாண்டாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். நான் சொன்ன கணக்கை நம்பிப் பூட்டினால், வெறும் வண்டிலையே அவருடைய சோடி இழுக்கத் திணறியதாம். கேட்டால், கடற்கரை மணல் ரோடு. தார் ரோட்டில் லேசாக உருளும் அதே வண்டில் மணலில் சில்லுப் புதைந்து பல மடங்கு இழுவை கேட்கும். இதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். தராசை உங்கள் ஊர் ரோட்டிலேயே கொளுவிப் பாருங்கள், என் எண்ணை எடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: சோடியில் ஒன்று மட்டும் பயந்தால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பயந்ததைத் தனியாக நடத்திச் சத்தப் படியை முதலிலிருந்து கொடுங்கள். அந்த நேரம் மற்றதை அது பார்க்கும் தூரத்தில் கட்டுங்கள். என் வலத்தையனுக்கு அப்படி ஐந்து கிழமை எடுத்தது. போன வெள்ளிக்கிழமை பேணி கட்டிய டயரோடு கிறவலில் நடந்தான், பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. ஒரு காதை மட்டும் திருப்பினான்.