கடல் கடந்த நண்பருக்குக் குளிர்காலக் கடிதம்

முதலில் தேதி போடுங்கள். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் "நாளைக்கு டாக்டரிடம் போகிறேன்" போன்ற வரிகள் வேண்டாம். படிக்கும்போது அவருக்கு வீண் கவலைதான்.

குளிரை "இங்கே கடுங்குளிர்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நான் எழுத உட்கார்ந்ததும் கண்ணில் படுவதிலிருந்தே தொடங்குவேன்: ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் கோத்து நிற்கும் நீர், விறைத்த விரலைத் தேய்த்துவிட்டு எழுதியதில் கோணிப்போன எழுத்து. அந்தக் கோணலை அடித்துத் திருத்த மாட்டேன். அவர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தால் டிசம்பரில் அங்கே கோடை. அவருடைய வெயிலையும் விசாரியுங்கள்.

அப்புறம் கேள்விகள். "நலமா?" என்றால் "நலம்" என்றுதான் பதில் வரும். போன கடிதத்தில் சொன்ன முதுகுவலி என்னாயிற்று, புது வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்து படிக்கிறார் என்று கேளுங்கள். பதில் பக்கம் பக்கமாக வரும்.

ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். பல நாடுகளில் குறைந்தபட்சத் தபால் கட்டணம் 20 கிராம் வரைதான். மூன்று தாள், மெல்லிய உறை, சரி. முகவரியை பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், ஊற்றுப்பேனா மை நனைந்தால் கலைந்துவிடும். நாட்டின் பெயர் கடைசி வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்தில். புகைப்படம் வைத்தால் பின்பக்கம் யார், எப்போது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.