“லினக்ஸுக்கு வைரஸ் வராது, சேர்”: கணினி ஆய்வுகூடத்தில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பாடசாலை. அதன் கணினி ஆய்வுகூடத்தில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கணினியில் மாணவி ஒருத்தியின் பென்டிரைவைச் சொருகினேன். ‘செயற்றிட்டம்’ என்ற பெயரில் இரண்டு படவுருக்கள் தெரிந்தன. ஒன்று அவளுடைய கோப்புறை. மற்றது சில கிலோபைட் அளவே உள்ள, ‘எல்என்கே’ என்று முடியும் குறுக்குவழிக் கோப்பு, ஒரு வைரஸ் வைத்த போலி. விண்டோஸில் இந்த வைரஸ் உண்மையான கோப்புறையை மறைத்துவிட்டுப் போலியை மட்டும் காட்டும். அதை அழுத்தியதும் தொற்றிக்கொள்ளும். லினக்ஸ் அந்த மறைப்பைப் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் இரண்டும் தெரிந்தன. பிள்ளை சரியானதைத் திறந்து வேலையை முடித்தாள். போலியை அப்படியே விட்டுவிட்டாள். பின்னேரம் பிரிண்ட் எடுக்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போகும்போது அதுவும் கூடவே போகும்.

“லினக்ஸுக்கு வைரஸ் வராது, சேர்” என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியர். முதல் பிழை இதுதான். நம் கணினி நோயில் விழாமலே நோயைப் பரப்பும். வாசலுக்கு அருகே உள்ள ஒரு கணினியில் கிளாம்ஏவி என்ற இலவச மென்பொருளை நிறுவி, வெளியிலிருந்து வரும் பென்டிரைவ் எல்லாவற்றையும் முதலில் அங்கே சோதியுங்கள். விண்டோஸ் வைரஸ்களையும் அது கண்டுபிடிக்கும். அதன் வைரஸ் பட்டியலை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் மட்டும் பயனில்லை.

அதோடு, லினக்ஸைத் தாக்கும் தீநிரல் (கேடு செய்யும் மென்பொருள்) இல்லை என்பதும் உண்மையல்ல. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்புக் கமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததே அதற்குப் போதுமாக இருந்தது. உங்கள் பாடசாலை ரவுட்டரின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா? இன்றே பாருங்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அடுத்த பிழை. இருபது கணினிக்கும் ஒரே நிர்வாகிக் கணக்கு, ஒரே கடவுச்சொல், அதுவும் ஒரு தாளில் எழுதி மொனிட்டரில் ஒட்டப்பட்டிருக்கும். லினக்ஸின் பலமே சாதாரணப் பயனர் முறைமையின் அடிப்படைக் கோப்புகளைத் தொட முடியாது என்பதுதான். பிள்ளைகள் எல்லோரையும் நிர்வாகியாக்கிவிட்டால் அந்தப் பலத்தை நாமே கழற்றி வைத்தவர்கள் ஆகிறோம். மாணவர்களுக்குச் சூடோ அனுமதி (நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளை இடும் அனுமதி) இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். இணையத்தில் கண்ட கட்டளையை டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒட்டி, கேட்டவுடன் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கமும் இதே வகைதான். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தெரியாத கட்டளையை ஒட்டாதீர்கள்.

ஆனால் தனிக் கணக்கு மட்டும் போதாது. லினக்ஸின் மையப் பகுதியான கருவில் 2007 முதல் இருந்த ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை 2016இல்தான் அடைக்கப்பட்டது. சாதாரணப் பயனர் அதன் வழியே நிர்வாகியாகிவிட முடியும். அதற்கு முன்பே புதுப்பிப்பை நிறுத்தி வைத்த கணினியில் அது இன்றும் திறந்தே கிடக்கும். “டேட்டா காணாது, சேர்” என்று சொல்வார்கள். தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் ஓடும் ஆய்வுகூடத்தில் அது நியாயமான கவலைதான். அதற்கு வழி உண்டு. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவி, மற்றவற்றை அதனுடன் இணைத்துவிட்டால், ஒவ்வொரு மென்பொருள் பொதியும் ஒரு தடவைதான் இணையத்திலிருந்து இறங்கும். மற்றக் கணினிகள் உள்வலையமைப்பிலேயே எடுத்துக்கொள்ளும். ஆதரவு முடிந்த, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத, லினக்ஸ் பதிப்பையும் வைத்திருக்க வேண்டாம். உபுண்டு 20.04இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பழைய 32 பிட் கணினி என்றால் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

நிறுவும் கோப்பைக் கைக்குக் கை வாங்குவதும் ஆபத்து. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பின் இணையத்தளத்தையே ஊடுருவி, பின்கதவு (இரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த பதிப்புக்கு இணைப்பு மாற்றினார்கள். தளத்திலிருந்தே இறக்கினாலும் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதற்காக, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்பதை நிறுவி, எங்கிருந்தோ வந்த விண்டோஸ் மென்பொருளை ஓட்டுகிறார்கள். அந்த வழியாக வரும் வைரஸ் பயனரின் கோப்புகளை அழிக்கக்கூடும். வைன் தேவையே இல்லை. லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டு முறையில் நம் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகை அமைப்பு இருக்கிறது.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பிரதி எடுத்த வன்தட்டை எப்போதும் கணினியிலேயே சொருகி வைத்திருந்தால், கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். வெள்ளிக்கிழமை பிரதி எடுங்கள், கழற்றுங்கள், அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மாரி காலத்தில் மேல் தட்டில் வையுங்கள்.