"பொடியன் ஏறுவான், நீங்க விடுங்க": ஆண்கள் நிறைந்த வேலைத்தளத்தில் வழிகாட்டியைப் பிடித்து முன்னேறுவது எப்படி

சீனக்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள். இந்தப் பக்கம் துறைமுகம், வீதி வேலை, கட்டட வேலை. திருகோணமலையில் கொஞ்சம் நல்ல சம்பளம் வருகிற தொழில்நுட்ப வேலைகளில் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குள்தான் கிடக்கிறது. இங்கே ஒரு பெண் டெக்னீஷியனாகவோ சைட் சுப்பவைசராகவோ போய்ச் சேர்ந்தால் முதல் கிழமையிலேயே காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு: "தங்கச்சி, நீங்க விடுங்க, பொடியன் ஏறுவான்." சொல்கிறவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் ஏணியில் ஏறாமல் கழிந்த பிறகு, பதவி உயர்வு நேர்முகத்தில் "உயரத்தில் வேலை செய்த அனுபவம் இருக்கா?" என்று கேட்பதும் அதே நல்ல மனிதர்கள்தான்.

ஆகவே, "கவலைப்படாதீங்க, எல்லாம் சரிவரும்" என்று ஆறுதல் சொல்ல ஆள் தேட வேண்டாம். அதற்கு வீட்டில் அம்மா இருக்கிறார். வேலையைக் கையில் தருகிற ஆளைத் தேடுங்கள்.

யாரைக் கேட்பது

உங்கள் நேரடி மேலதிகாரியைக் கேட்காதீர்கள். வருட இறுதியில் உங்களுக்குப் புள்ளி போடுகிறவர் அவர். அவரிடம் "இது எனக்கு விளங்கவில்லை" என்று மனம் விட்டுச் சொல்ல முடியாது, சொன்னாலும் அது புள்ளியில் ஏறிவிடும். அதே தொழிலில், வேறு பகுதியில், உங்களைவிட இரண்டு படி மேலே இருப்பவர்தான் சரியான ஆள். நீங்கள் மெயின்டனன்ஸ் ட்ரெய்னி என்றால் இன்னொரு பகுதியின் போமன் அல்லது உதவிப் பொறியியலாளர். மூன்று படி மேலே போனால் அவருக்கு நேரம் இருக்காது, கைவேலையும் பாதி மறந்துபோயிருக்கும்.

அவர் ஆணாகத்தான் இருப்பார், ஏனென்றால் அந்த இடங்களில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள். அதனால் இன்னொரு ஆளும் தேவை: எந்தத் துறையானாலும் பரவாயில்லை, பத்து வருடமாவது வேலையில் நின்று பிடித்த ஒரு பெண். வங்கியில் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருக்கலாம், கொழும்பில் இருந்து மாதம் ஒருமுறை போனில் கதைப்பவராகவும் இருக்கலாம். மோட்டரைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து திரும்பும்போது பழைய பொறுப்பை எப்படிக் கேட்டு வாங்குவது, சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதை யாருக்கு, எந்தச் சொற்களில் எழுதுவது என்பதெல்லாம் தொழில் தெரிந்த அந்த ஆணைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். பாதுகாப்புச் சப்பாத்து இதற்கு நல்ல உதாரணம். ஸ்டோரில் இருப்பது அநேகமாக ஆண்களின் அளவு. கால் நழுவுகிற சப்பாத்துடன் ஏணியில் ஏறுவது ஆபத்து, ஆனால் "எனக்கு அளவு இல்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஏறாமல் இருந்துவிடுகிறார்கள். "பாதுகாப்புச் சப்பாத்து, அளவு 37, ஒரு சோடி" என்று கோரிக்கைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் அது வெறும் கொள்வனவு வேலையாகிவிடும். இப்படியான சின்னத் தந்திரங்கள் அனுபவப்பட்ட பெண்ணிடம்தான் கிடைக்கும்.

எப்படிக் கேட்பது

"சேர், எனக்கு வழிகாட்டியாக இருப்பீங்களா?" என்று கேட்டால் பலர் மிரண்டுவிடுவார்கள். எவ்வளவு நேரம் போகும், ஊர் என்ன கதைக்கும், முடிவு எங்கே என்று எதுவும் தெரியாத பொறுப்பை யார்தான் ஏற்பார்? வேலையைச் சொல்லி, காலத்தைச் சொல்லி, இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி இந்த அளவில் இருந்தால் போதும்:

"சேர், வணக்கம். நான் மெயின்டனன்ஸ் பகுதியில் ட்ரெய்னி, வந்து 8 மாதம். அடுத்த 6 மாதத்துக்குள் மோட்டருக்கு மெகர் போடுவது, பம்ப் சீல் மாற்றுவது, கப்ளிங் அலைன்மென்ட் மூன்றையும் தனியாகச் செய்யப் பழக வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம், வேலை நேரத்துக்குள், பட்டறையிலேயே தர முடியுமா? எங்கள் சுப்பவைசருக்கும் சொல்லிவிட்டேன்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். சுப்பவைசருக்குத் தெரியாமல் இன்னொரு பகுதி ஆளிடம் பழகினால், அவர் அதைத் தன்னை மதிக்காத செயலாகத்தான் எடுப்பார். பிறகு ஷிப்ட் பட்டியலில் அதன் விலை தெரியும்.

மெகர் போடுவது என்றால் மோட்டரின் இன்சுலேஷனைச் சோதிப்பது, கப்ளிங் அலைன்மென்ட் என்றால் மோட்டரின் தண்டையும் பம்பின் தண்டையும் ஒரே நேர்கோட்டில் பொருத்துவது. வேலைகள் மூன்று என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒன்று மட்டும் கேட்டால் இரண்டு சந்திப்பில் முடிந்து தொடர்பு அறுந்துவிடும். ஐந்தாறு என்றால் ஆறு மாதத்தில் எதுவும் முழுசாகக் கைவராது.

ஒரு வேலையை எப்படி வாங்குவது

எந்த வேலையானாலும் மூன்று தடவை. முதல் தடவை அவர் செய்வார், நீங்கள் எழுதுவீர்கள். இரண்டாம் தடவை நீங்கள் செய்வீர்கள், அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மூன்றாம் தடவை நீங்கள் தனியே செய்து முடித்த பிறகு அவர் வந்து அளவை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பார். இடையில் அவர் கை ஸ்பானரை நோக்கி நீளும். "சேர், நான் பிழை விட்டால் மட்டும் சொல்லுங்க" என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

400 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டரின் இன்சுலேஷன் சோதனையை எடுத்துக்கொள்வோம். பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும், உங்கள் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும், பூட்டின் சாவி உங்கள் பைக்குள் இருக்க வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு மோட்டர் டேர்மினலில் மின்சாரம் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். கேபிளைக் கழற்றி, மெகரை 500 வோல்ட்டில் வைத்து, வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு நிமிடம் பிடித்து அளவைக் குறிக்க வேண்டும். 1 மெகஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டக் கூடாது. முடிந்ததும் வைண்டிங்கை எர்த்தில் தொட்டு மிஞ்சிய சார்ஜை இறக்க வேண்டும்.

இவ்வளவும் புத்தகத்தில் கிடக்கிறது. வழிகாட்டியிடம் வாங்க வேண்டியது இதற்கு அப்பால் உள்ளது. ஸ்பீட் டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) பொருத்திய மோட்டரை டிரைவிலிருந்து கழற்றாமல் மெகர் போட்டால் டிரைவ் எரிந்துபோகலாம், அதன் விலை மோட்டரின் விலையையும் தாண்டலாம். மாரி மழைக் காலத்தில், கடற்கரையோரம், சில கிழமை ஓடாமல் நின்ற நல்ல மோட்டரும் ஈரத்தால் குறைந்த அளவு காட்டும். அதை எரிந்த மோட்டர் என்று எழுதி அனுப்பாமல், சூடாக்கிக் காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். "இதில ஆட்கள் வழக்கமா எங்க பிழை விடுறவை?" இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். அரை மணித்தியாலத்தில் மிகப் பெறுமதியான பதில் அதற்குத்தான் வரும்.

சீ.ஆர். கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) வாங்கிக் கோடு போடுங்கள்: திகதி, இயந்திரம், பழுது, நான் செய்தது, அளவு, உடன் இருந்தவர், கையெழுத்து. "இன்று மோட்டர் பார்த்தேன்" என்று எழுதினால் பயனில்லை. "2ஆம் பம்ப் மோட்டர், 7.5 கிலோவாட், மெகர் 0.6 மெகஓம், காயவைத்த பின் 40, தனியே செய்தது" என்று இருக்க வேண்டும். "தனியே", "உதவியுடன்", "பார்த்தது" என்ற மூன்று சொற்களில் ஒன்று ஒவ்வொரு வரியிலும் வரட்டும். மாதக் கடைசியில் "பார்த்தது" மட்டுமே அதிகமாக இருந்தால், பொடியன்தான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை அப்படியே வழிகாட்டிக்குக் காட்டுங்கள். முறைப்பாடு சொல்லத் தேவையில்லை, எண்ணிக்கை சொல்லிவிடும்.

இதே கொப்பி என்.வி.கியூ. எடுக்கவும் உதவும். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை 7 மட்டங்கள் கொண்டது: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்ட மட்டம். பயிற்சி நிலையத்தில் படிக்காமல் வேலை செய்தே பழகியவர்கள், முன்கற்றல் அங்கீகார முறையில் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோன்றலாம். மதிப்பீட்டாளர் கேட்பது ஆதாரம். கையெழுத்தோடு இருக்கிற கொப்பியும், வேலையின்போது எடுத்த படங்களும், நிறுவனக் கடிதமும் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

சிங்களம்

தமிழ்ப் பெண்கள் பின்தங்குவதற்கு இங்கே இன்னொரு காரணம் மொழி, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பல சைட்டுகளில் வேலை ஓடுவது சிங்களத்தில், அறிக்கை போவது ஆங்கிலத்தில். கிரேனுக்குக் கீழே நிற்கும்போது "உஸ்ஸன்ன" என்றால் தூக்கு, "பாத் கரன்ன" என்றால் இறக்கு, "ஹெமின்" என்றால் மெதுவாக, "நவத்தன்ன" என்றால் நிறுத்து. இவை தெரியாவிட்டால் உங்களைக் கிரேனுக்குப் பக்கத்திலேயே விட மாட்டார்கள், விடவும் கூடாது. வழிகாட்டி சிங்களவர் என்றால் நல்லதாயிற்று: முதல் சந்திப்பிலேயே அந்தப் பகுதியில் தினமும் புழங்குகிற 40 சொற்களைச் சொல்லச் சொல்லி, தமிழ் எழுத்திலேயே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கணம் பிறகு வரும்.

ஊர் வாய்

சின்ன ஊர். உவர்மலையில் நடப்பது மாலைக்குள் மட்டிக்களிக்குத் தெரிந்துவிடும். கதை கட்டுகிறவர்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கதை வழிகாட்டியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் மெல்ல விலகிவிடுவார், நட்டம் உங்களுக்கு. அதனால் சில ஒழுங்குகள். சந்திப்பு பகலில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் அல்லது கன்டீன் மேசையில். அறை என்றால் கதவு திறந்திருக்கட்டும். செய்திகள் வேலையைப் பற்றி மட்டும், இரவு எட்டுக்குப் பிறகு வேண்டாம். முடிந்தால் இன்னொரு ட்ரெய்னியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவருக்குச் சொல்வதை இருவருக்குச் சொல்வதில் அவருக்கும் சுகம். வீட்டில் அவர் பெயரையும் என்ன பழகுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாள் குறிக்கும்போது ஷிப்ட் மாறுகிற நேரத்தைத் தவிருங்கள், அப்போது எவருக்கும் மண்டை நிற்காது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தால் வெள்ளி மத்தியானமும் வேண்டாம், அது ஜும்ஆ தொழுகை நேரம். மாதச் சந்திப்பாக மாற்றும்போது, போயாவுக்கு முந்திய வேலைநாள் என்று வைத்தால் யாரும் மறப்பதில்லை.

வழிகாட்டி எல்லை மீறினால் அது வேறு விஷயம். கை படுவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்தி, தனியாக வரச் சொல்வது: முதல் தடவையிலேயே சந்திப்பை நிறுத்துங்கள், திகதியும் நேரமும் எழுதுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவர் சொல்லித் தந்த வேலைக்காக நன்றிக்கடன் என்று பொறுத்துப் போக வேண்டியதில்லை.

இரவு ஷிப்ட்

இதை அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள், அவசரப்பட்டு ஏற்கவும் வேண்டாம். இரவில்தான் ஆட்கள் குறைவு, பழுது வந்தால் இருக்கிறவர்தான் கை வைக்க வேண்டும், அதனால் பழகுவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்சாலையில் ஒரு பெண்ணை விருப்பத்துக்கு மாறாக இரவு வேலை செய்ய வைக்க முடியாது, மாதத்தில் 10 இரவுக்கு மேலும் போட முடியாது. போக்குவரத்து, கழிப்பறை, ஓய்வறை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். முதல் சில இரவுகள் வழிகாட்டியின் ஷிப்ட்டிலேயே விழும்படி கேட்கலாம்.

பெயர் சொல்ல ஒரு வாய்

பழக்குவது ஒன்று, நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்வது இன்னொன்று. நன்றாகப் பழக்கிவிட்டு அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் நிறைய. பல நேரம் மறதிதான் காரணம். பதவி உயர்வுப் பட்டியல் எழுதுவதற்கு மூன்று மாதம் முன்னரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: தனியே செய்த வேலைகள் எத்தனை, எந்த இயந்திரங்கள், எந்தச் சான்றிதழ், எந்தப் பதவியைக் கேட்கிறேன். "சேர், லிஸ்ட் வரும்போது என் பெயரைச் சொல்வீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். "பார்ப்பம்" என்றால் "எது குறையுது?" என்பது அடுத்த கேள்வி. அவர் சொல்கிற குறை அடுத்த மூன்று மாதத்தின் வேலைத்திட்டம்.

வழிகாட்டுகிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி என்று கூப்பிடுவதில் பிழையில்லை, ஊர் வழக்கம். அறிக்கையில் மட்டும் பெயரும் பதவியும் எழுதுங்கள். "பெண்பிள்ளை ஒன்று உதவி செய்தது" என்று போகிற அறிக்கையில் யார் வேலை செய்தார் என்று தலைமையகத்துக்குத் தெரியாது.

இடமாற்றம்

அரச திணைக்களங்களிலும் சபைகளிலும் பொறியியலாளர்கள் இங்கே நெடுங்காலம் இருப்பதில்லை. ஆறு மாத ஏற்பாட்டின் நடுவில் ஒரு நாள் கடிதம் வந்துவிடும். செய்தி கேட்ட அன்றே மூன்று விஷயங்கள்: கொப்பியில் கையெழுத்தில்லாத வரிகளுக்கெல்லாம் கையெழுத்து, நீங்கள் தனியே செய்யக்கூடிய வேலைகளைப் பெயர் குறித்து எழுதிய ஒரு கடிதம், அவர் இடத்துக்கு வருகிறவரிடமோ பட்டறையின் மூத்த போமனிடமோ உங்களை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவது. கடிதம் பிறகு அனுப்புகிறேன் என்பார். பிரியாவிடை விருந்துக்கு முன்னர் வாங்கிவிடுங்கள்.