கறுப்புக் கோடு இருந்தால் ரோடோனைட்டா?

கல்முனையில் வாங்கிய ரோஸ் நிற மணிமாலையை மச்சாள் மேசையில் வைத்தா. "கறுப்புக் கோடு கிடக்கு பாருங்க, அசல் ரோடோனைட் எண்டுதான் தந்தவர்." நான் கோட்டை விட்டுவிட்டு மணியின் துளையைப் பார்த்தேன். விளிம்பில் சாயம் திரண்டு கடும் ரோஸாக நின்றது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், பஞ்சும் சிவந்தது.

கோட்டை நம்புவதுதான் எல்லாரும் விடும் பிழை. ரோடோனைட் என்ற ரோஸ் நிறக் கல் மங்கனீசு சிலிக்கேற்று. அதன் ரோஸ் நிறம் மங்கனீசால் வருவது. வெடிப்புகளின் வழியே அதே மங்கனீசு ஒட்சியேறிக் கறுக்கிறது. ஆனால் ஹவ்லைட் என்ற மலிவான வெள்ளைக் கல்லிலும் பிறவியிலேயே சாம்பல், கறுப்பு நரம்புகள் உண்டு. சாயம் ஏற்றினால் சோலி முடிந்தது.

கண்ணைவிடத் தராசு நம்பகமானது. நகைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். கல்லின் நிறையைத் தராசில் கூடிய கிராமால் வகுத்தால் அடர்த்தி வரும். ரோடோனைட் ஏறத்தாழ 3.5 முதல் 3.7 வரை. தம்புள்ளைப் பக்கம் நாமல் உயனவில் மலையாகவே கிடக்கும் ரோஸ் குவார்ட்ஸ் 2.65தான், அதில் வெளிச்சமும் ஓரளவு ஊடுருவும். மச்சாளின் மாலை 52 கிராம், தராசில் கூடியது 20. விடை 2.6, ரோடோனைட் அல்ல.

தேசிக்காய்ப் புளி விட்டு, நுரைக்கிறதா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். வெள்ளை வரி ஓடும் இன்னொரு ரோஸ் கல்லான ரோடோக்ரோசைட் மங்கனீசுக் காபனேற்று, அடர்த்தியும் 3.7 அளவு என்பதால் தராசு அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் குளிர்ந்த மென் அமிலத்தில் அது நுரைப்பதே அரிது. நுரை வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, பொலிவு மட்டும் போய்விடும். வெட்டாத கல் என்றால் பின்புறத்தில் கத்தி முனையால் கீறலாம்: ரோடோக்ரோசைட்டின் கடினம் (கீறலைத் தாங்கும் மோஸ் அளவு) 3.5–4, சுலபமாகக் கீறுபடும், ரோடோனைட் 5.5–6.5, கத்திக்கு இலேசில் மசியாது.

அசலே கிடைத்தாலும் மோதிரத்தோடு கல்லடிக் கடற்கரை மணலை அளையாதீர்கள். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7.

மாலையைத் திருப்பிக் கொடுக்க மச்சாளுக்கு மனமில்லை. வெள்ளைச் சட்டைக்கு மட்டும் போடாதீங்க என்றேன்.