தரநிலை, சட்டகம், முறையியல்: திட்ட மேலாண்மையில் தவிர்க்க வேண்டிய குழப்பங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதில், "இத்திட்டம் பிஎம்பாக் முறையியலின்படி, அஜைல் தரநிலையைப் பின்பற்றி, ஐஎஸ்ஓ 21500 சான்றுடன் நடத்தப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. பிஎம்பாக் என்பது திட்ட மேலாண்மைக்கான ஒரு வழிகாட்டி நூல்; அஜைல் என்பது மென்பொருள் உருவாக்கத்தில் ஓர் அணுகுமுறை; ஐஎஸ்ஓ 21500 திட்ட மேலாண்மை பற்றிய பன்னாட்டுத் தரநிலை ஆவணம். அந்த வரியை எழுதியவர் பல திட்டங்களை முடித்துக் கொடுத்த அனுபவசாலி. இருந்தும் அந்த ஒரே வரியில் மூன்று பிழைகள் இருந்தன. இத்துறையில் இந்தக் குழப்பம் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதற்கு அதுவே போதிய சான்று. சொற்களை மாற்றிப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பணி சுமுகமாக நடக்கும்வரை ஒன்றும் கெடாது. சிக்கல் வந்து, "இதை முடிவு செய்ய வேண்டியவர் யார்" என்று ஆவணத்தைப் புரட்டும் நாளில்தான் இழப்பு தெரியும்.

தரநிலை என்பது எது இருந்தால் சரி என்று பலரும் கூடி ஒப்புக்கொண்ட அளவுகோல். கட்டுமானத் துறையினருக்கு இது எளிதில் புரியும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் கியூரிங் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றுவது மேஸ்திரியா வாட்ச்மேனா, அதை யார் எந்த நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவது என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. அப்படி யார், எப்போது, எந்த ஆவணத்தோடு, யாருடைய ஒப்புதலோடு செய்வது என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது முறையியல். சட்டகம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது; சில பொறுப்புகளையும் சில கட்டாயமான சந்திப்புகளையும் நிறுத்திவைத்து, மீதியை அந்தந்தக் குழுவே நிரப்பிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே இடம் விட்டுவைக்கிறது.

வேறுபாடு உண்மையில் விளங்க வேண்டுமென்றால், ஒரே கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு திட்டத்தின் நடுவில், ஒதுக்கிய தொகையைவிட 10 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்று தெரியவருகிறது. திட்ட மேலாளர் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும்?

திட்ட மேலாண்மைக்கான தரநிலையாக 2020-இல் வெளியான ஐஎஸ்ஓ 21502, செலவைக் கண்காணித்து, மாற்றங்களைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்து, உரியவர்களின் முடிவைப் பெறுவது நல்லது என்ற அளவில் நிற்கும். அந்த 'உரியவர்' யார் என்பதை உங்கள் நிறுவனம்தான் தீர்மானிக்க வேண்டும். முறையியல் வகையைச் சேர்ந்த பிரின்ஸ்2-இடம் கேட்டால் பதில் கறாராக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காலம், செலவு போன்றவற்றில் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு முன்பே குறிக்கப்பட்டிருக்கும்; அந்த வரம்பு மீறப்படப் போகிறது என்று தெரிந்தவுடனேயே திட்ட மேலாளர் விதிவிலக்கு அறிக்கை ஒன்றைத் திட்ட வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வணிகத் தரப்பு, பயன்படுத்துவோர் தரப்பு, செய்துகொடுப்போர் தரப்பு ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் உள்ள அந்த வாரியமே அடுத்ததை முடிவு செய்யும். திட்டம் முழுமைக்கும் குறித்த வரம்பே மீறப்படுமானால் வாரியமும் தனக்கு மேலுள்ளவர்களிடம் போக வேண்டும். சிறு குழுக்கள் குறுகிய சுற்றுகளில் வேலை செய்வதற்கான சட்டகம் ஸ்க்ரம்; அதன் கையேட்டில் இதே கேள்விக்கான பதிலைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பே அதில் கிடையாது. இது ஸ்க்ரமின் குறை அன்று. அது எடுத்துக்கொண்ட வேலை வேறு. ஆனால் ஸ்க்ரமை முழு முறையியல் என்று நம்பி, வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் பெரும் தொகைக்கான பணியைத் தொடங்கியவர்களிடம், அந்த மறுநாள் காலைக்கு விடை இருக்காது.

ஆக, மிகப் பெரிய தவறு சட்டகத்தை முறையியலாக எண்ணுவதே என்பது என் கணிப்பு. தரநிலையை முறையியலாக எண்ணுவது அதற்கு அடுத்தது, அதற்கு பிஎம்பாக் வழிகாட்டியே நல்ல எடுத்துக்காட்டு. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு வெளியிடும் அந்த நூலுக்குள், அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்ட ஒரு பகுதியும் அதைச் சுற்றி விரிவான வழிகாட்டுதலும் சேர்ந்தே உள்ளன. 2017-இல் வந்த ஆறாம் பதிப்பு, தான் ஒரு முறையியல் அல்ல என்றும், நிறுவனங்கள் தமக்கான முறையியலைக் கட்டிக்கொள்ள உதவும் அடித்தளம் என்றும் தானே சொல்லிக்கொள்கிறது. ஆனாலும் அதிலிருந்த 49 செயல்முறைகளையும் முதலிலிருந்து கடைசிவரை செய்து முடிக்க வேண்டிய பட்டியலாக எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய பணிக்கு 49 தலைப்புகளில் கோப்புகளைத் திறந்த குழுவை நானே பார்த்திருக்கிறேன். 2021-இல் ஏழாம் பதிப்பு 12 கோட்பாடுகளையும் 8 செயல்திறன் களங்களையும் மையமாக வைத்து எழுதப்பட்டபோது, செயல்முறைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்த பலர் காலடியில் தரை நழுவியதுபோல் தடுமாறினார்கள். பதிப்பைக் குறிப்பிடாமல் "பிஎம்பாக்கின்படி" என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இதனால்தான் ஆபத்து.

சான்றிதழ் பற்றிய குழப்பத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிஎம்ஐ திட்ட மேலாளர்களுக்கு வழங்கும் பிஎம்பி சான்றிதழ் ஒரு மனிதருக்குரியது; அவர் நடத்தும் திட்டத்துக்கோ அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கோ அது ஒட்டாது. ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனத்தின் தர மேலாண்மை அமைப்புக்குரியது, அதையும் ஐஎஸ்ஓ நேரடியாக வழங்குவதில்லை, தனிச் சான்றளிப்பு அமைப்புகளே வழங்குகின்றன. ஐஎஸ்ஓ 21500, 21502 இரண்டும் கட்டாயத் தேவைகளை விதிக்காத ஆவணங்கள் என்பதால், 9001-ஐப் போல நிறுவனத்தைத் தணிக்கை செய்து சான்று தருவதற்கு அவை எழுதப்படவில்லை.

"நாங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டோம்" என்ற வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் தவறு இதைவிட நுட்பமானது. பிரின்ஸ்2-இன் 7 கோட்பாடுகளில் ஒன்று, திட்டத்தின் தன்மைக்கேற்ப அதைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. அதாவது ஆவணங்களைச் சுருக்கலாம், பொறுப்புகளை இணைக்கலாம், ஆனால் அந்த 7 கோட்பாடுகளை விட்டுவிட்டால் அது பிரின்ஸ்2 ஆகாது. ஸ்க்ரம் நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய கையேடு 2020 பதிப்பில் அட்டையோடு சேர்த்தே 14 பக்கம்தான்; சொல்லியிருப்பது கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது ஸ்க்ரம் ஆகாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. தினமும் 15 நிமிடம் நடக்க வேண்டிய சந்திப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்றின் இலக்கை நோக்கி எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்று பார்த்து, அன்றைய வேலையைத் திருத்திக்கொள்ள மென்பொருளாளர்களுக்கென வைக்கப்பட்ட சந்திப்பு அது. பல அலுவலகங்களில் அனைவரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருவரும் மேலாளரின் முகத்தைப் பார்த்து, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒப்பிக்க, அவர் மடிக்கணினியில் குறித்துக்கொண்டே போக, முக்கால் மணி நேரம் கரைகிறது. அந்த மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பு நீக்கிவிட்டது. சந்திப்பை எப்படி நடத்துவது என்பதைக் குழுவின் முடிவுக்கே விட்டுவிட்டது. விட வேண்டிய இடத்தில் விதி போட்டு, விடக்கூடாத இலக்கை விட்டுவிட்டு, பிறகு "ஸ்க்ரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவுக்கு வருவது அந்தக் குழுவுக்கே இழைக்கும் அநீதி.

அஜைலைத் தரநிலை என்றோ முறையியல் என்றோ எழுதுவதும் இதே வகைதான். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதியது 4 விழுமியங்களும் அவற்றின் பின்னுள்ள 12 கோட்பாடுகளும் மட்டுமே. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழுவையும் தணிக்கை செய்ய முடியாது. அதன் எதிரியாகக் காட்டப்படும், ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததற்கு இறங்கும் வாட்டர்ஃபாலின் கதை இன்னும் வியப்பானது. அதன் மூலமாகக் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை; படிப்படியாக இறங்கும் படத்தை வரைந்த அவர், அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது தோல்வியை வரவழைக்கும் என்றும் அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்.

பிரின்ஸ்2 தன்னை 'முறை' என்றே அழைத்துக்கொள்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் 'இயல்' என்று முடிந்தால் அது ஒரு துறையின் ஆய்வைக் குறிக்கும் என்பதால், 'முறை' என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. பழகிவிட்ட சொல் என்பதால்தான் இங்கு முறையியல் என்று எழுதிவருகிறேன்.

தரநிலை, சட்டகம், முறையியல் மூன்றும் வேறு வேறு தளத்தில் நிற்பவை என்று தெரிந்துவிட்டால், பிஎம்பாக் சிறந்ததா, பிரின்ஸ்2 சிறந்ததா, ஸ்க்ரம் சிறந்ததா என்ற கேள்வி பொருளற்றதாகிவிடும். மேல்மட்ட முடிவுகளுக்குப் பிரின்ஸ்2-ஐயும் குழுவின் அன்றாட வேலைக்கு ஸ்க்ரமையும் ஒரே திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய இணைப்புக்கென்றே 2015-இல் பிரின்ஸ்2 அஜைல் வெளியானது.

அந்த ஒப்பந்தப்புள்ளியின் வரியை நாங்கள் மூன்றாகப் பிரித்து எழுதினோம். கலைச்சொற்களுக்கும் கருத்துருக்களுக்கும் ஐஎஸ்ஓ 21502:2020 ஆதாரமாகக் கொள்ளப்படும் என்பது முதல் வரி. சான்று என்ற சொல்லை எடுத்துவிட்டோம். மென்பொருள் உருவாக்கும் குழு 2020-ஆம் ஆண்டு ஸ்க்ரம் கையேட்டின்படி, இரண்டு வார ஸ்பிரிண்டுகளில் இயங்கும் என்பது இரண்டாவது. செலவோ காலமோ குறித்த வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தால் எத்தனை வேலை நாளுக்குள், யார், யாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், முடிவெடுக்கும் மூவர் யார் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். மூன்றாவதை எழுத நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன, ஏனெனில் அந்த மூவர் யார் என்று அதுவரை யாரும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.