வன்னியில் புதிதாகப் பதித்த புற்றரைக்கு நீர் விடும் முறை

வன்னியில் புற்றரை பதிப்பவர்களுள் பலர், வளர்ந்த தென்னைக்கு இறைப்பதுபோல இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறையத் தண்ணீரை விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். புதிய புல்லின் வேர் மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள்ளேயே நிற்பதால், கீழே எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதற்கு எட்டுவதில்லை. ஆகவே தொடக்கத்தில் அடிக்கடி சிறிதளவாகவும், வேர் இறங்க இறங்க இடைவெளி விட்டு ஆழமாகவும் நீர் விட வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பதித்தால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். எனினும் கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கிப் புல் அழுகாதிருக்க, பள்ளங்களை முன்னரே நிரவி வடிகால் வெட்டியிருக்க வேண்டும். விதை தூவுபவர்கள் அந்த வெள்ளத்துக்கு விதையைப் பறிகொடுக்காமல் தை மாத இறுதிவரை பொறுத்திருப்பது நல்லது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பதிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காலையில் நனைத்த மண் மதியத்துக்கு முன்னரே புழுதியாகிவிடும்.

புற்பாளங்களை, அதாவது வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல் துண்டுகளை, விரிப்பதற்கு முதல்நாள் மாலையிலேயே நிலத்தை நனைத்துவிட வேண்டும். விரித்து முடித்த அரை மணி நேரத்துக்குள், பாளத்தின் அடிமண் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம்வரை ஊறும்படி நீர் விட்டு, ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் உலர்ந்திருந்தால் மேலே பச்சையாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

முதல் பத்து நாட்களுக்கு, வெயில் காலமாயின், சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு லீற்றர் நீரை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து விடலாம். காலை ஆறரை மணிக்கு விடுவதே பிரதானமானது. நண்பகலிலும் பிற்பகல் மூன்று மணியளவிலும் விடுவது மேல்மண் காயாமல் காப்பதற்கே. இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்குமாதலால், பொழுதுபட்ட பின் நீர் விடுவதைத் தவிர்க்க வேண்டும். அளவு தெரியாதவர்கள் வெறும் மீன் ரின்கள் நான்கைந்தைப் புற்றரையில் ஆங்காங்கே வைத்துவிட்டுத் தெளிகருவியைத் திறந்து பார்க்கலாம். ரின்னில் ஒரு மில்லிமீற்றர் உயர நீர் நின்றால், சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் விழுந்திருக்கிறது என்பது கணக்கு. ஒரு ரின்னில் நிறையவும் மற்றொன்றில் குறைவாகவும் நின்றால் கருவியை இடம் மாற்ற வேண்டும்.

கிணற்றிலிருந்து மோட்டரால் நேரே இறைப்பவர்கள், குழாயின் வாயில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டி வேகத்தைத் தணிக்காவிட்டால் மண் அரித்துப் புல் மிதந்துவிடும். சிறிய முற்றத்துக்குப் பூவாளியே போதும்.

மண்ணுக்கு மண் இந்த முறை மாறும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் நீரை மெதுவாகவே உறிஞ்சும். அங்கே ஒரே மூச்சில் விட்ட நீர் வழிந்தோடிவிடுமாதலால், பாதியை விட்டு, அரை மணி கழித்து மீதியை விட வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலிலோ நீர் நிற்பதே இல்லை. அங்கே நன்கு மக்கிய எருவை முன்னரே கலந்திருந்தால் மட்டுமே இறைப்புக் குறையும். கிணற்று நீர் உவராக இருந்து, மண்மேல் வெள்ளைப் படிவு தெரியத் தொடங்கினால், வேறு நல்ல தண்ணீரால் ஒருதடவை ஆழமாக நனைத்து உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

இரண்டு வாரத்தின் பின் புல்லை மெல்ல இழுத்துப் பார்க்கவும். அது நிலத்தைப் பற்றி நின்றால் நண்பகல் இறைப்பை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். அவ்வாறு குறைக்கும்போது ஒரு தடவை விடும் அளவைக் கூட்ட வேண்டும். இரண்டு மாதமானதும், மழையில்லாத வாரத்துக்குச் சதுர மீற்றருக்கு இருபத்தைந்து லீற்றர் நீரை இரண்டு தடவையில் விட்டால் அறுகம்புல்லுக்குப் போதுமானது. அகன்ற இலையுடைய மலேசியப் புல் நிழலும் ஈரமும் விரும்புவதால் அதற்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். நடந்த காலடி நிமிராமல் பதிந்தபடியே கிடந்தாலோ, இலை சாம்பல் கலந்த நிறமாக மாறினாலோ, நாள் பாராமல் உடனே நனைக்கவும்.

முதல் வெட்டுக்கு முந்திய நாள் நீர் விடக்கூடாது. ஈர நிலத்தில் கட்டாக்காலி மாடு ஒன்று புகுந்தால் குளம்புக் குழிகள் மாதக்கணக்கில் ஆறாதிருக்கும் என்பதால், வேலியை அடைத்த பின்னரே இறைப்பைத் தொடங்கவும்.