பதருக்குப் பசளை மருந்தல்ல

சம்மாந்துறை வயல் வட்டைகளில் அறுவடை இயந்திரம் இறங்கிய பிறகுதான் பதரின் அளவு கண்ணில் படுகிறது. உடனே வரம்பில் எழும் பேச்சு, “பசளை போதவில்லை” என்பதுதான். வேளாண்மையில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் பெரிய பிழை இந்த அவசர முடிவு.

இலை ஆக்கிய உணவு சுக்குரோஸாக, அதாவது நாம் தேநீரில் போடும் அதே சீனியாக, உரியம் என்ற உணவு கடத்தும் குழாய் வழியே கதிருக்கு வருகிறது. வந்தால் மட்டும் போதாது. மணியின் வாசலில் இன்வர்ட்டேஸ் என்ற நொதியம் (என்சைம்) அதைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்க வேண்டும். உடைய உடையத்தான் அடுத்த சீனி வந்து இறங்கும். பால் பருவத்தில் ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பிதுங்கும் வெள்ளைப் பால், அப்படி இறங்கிய சீனி மாப்பொருளாகித் திரண்டதுதான். இந்த நொதியம் பழுதான நெல்லைச் சீன ஆய்வாளர்கள் 2008இல் விவரித்தார்கள். அதன் மணி முழுதாக நிரம்பவில்லை. இந்த நொதியத்தை ஆக்கும் மரபணுவை அதற்குரிய இடத்திலேயே கூடுதலாக இயங்க வைத்தபோது விளைச்சல் கூடியது. கண்ட இடமெல்லாம் இயங்க வைத்தபோதோ மணி சிறுத்தது.

மணியில் சீனியைக் கையாளும் இன்னொரு நொதியம் சுக்குரோஸ் சிந்தேஸ். ‘சிந்தேஸ்’ என்றால் ஆக்குவது என்ற பெயரை நம்பி, அது சீனியை ஆக்கும் நொதியம் என்றே உயர்தர மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அதன் வினை இரு திசையிலும் நடக்கும். வளரும் மணியில் அது பெரும்பாலும் சீனியை உடைக்கவே செய்கிறது.

கதிர் வந்த பின் யூரியாவை அள்ளி வீசவும் வேண்டாம். தண்டில் சேர்ந்திருந்த மாப்பொருள் மீண்டும் சீனியாகி மணிக்குப் போகும் காலம் அது. மிகையான நைதரசன் பயிரைப் பச்சையாகவே வைத்திருந்து அந்த நகர்வைத் தாமதப்படுத்தும்.

எல்லாவற்றிலும் கொடியது, குடலைப் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும்போது, வயலைக் காயவிடுவது. வெளியே பயிர் பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே மகரந்தம் உருவாகும் வேளையில் நீர் வற்றினால் இன்வர்ட்டேஸின் வேலை தளர்ந்து, மகரந்தத்தில் மாப்பொருள் சேராமல் போகும். அயடீன் துளி பட்டால் நல்ல மகரந்தம் கருநீலமாகும். மலடானது வெளிறியே கிடக்கும். மறுவாரம் நம் வயல்களுக்குப் பாயும் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வரம்பு முட்ட வந்தாலும் அந்தப் பூ மணி பிடிக்காது. நீர் பங்கிடும் வட்டவிதானையாரிடம் தண்ணீர் முறைக்காக வாதாடுவதென்றால், குடலைக் கட்டும் அந்த நாட்களுக்காக வாதாடுங்கள்.